காலி சீட்டோடு நகராத கார்கள்

எங்கள் நகரத்துக் கார்களெல்லாம் இனிமேல் காலி சீட்டோடு நகர்வதில்லை என்று முடிவெடுத்தது ஓர் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை காலையில். அன்றைக்கு வழக்கம்போல மேற்கே மலையிலிருந்து காற்று இறங்கி வந்து மொட்டைமாடித் துணிகளைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய்ப் போட்டது, வழக்கம்போலப் பால் வந்தது, வழக்கம்போல வேலைக்குக் கிளம்பியவர்கள் ஒரு கையில் டிபன் பையும் மறுகையில் சாவியுமாகக் காருக்கு ஒருத்தர் வீதம் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பினார்கள், எஞ்சினும் வழக்கம்போலத்தான் உறுமியது, சக்கரம் மட்டும் சுற்றவில்லை. வடக்குத் தெருவில் கூட்டுக் குடும்பமாக இருக்கிற எண்ணெய்க்கடைக்காரர் வீட்டுக் கார் மட்டும், மாமியார், இரண்டு மருமகள்கள், ஒரு கொழுந்தன் என்று இடம் நிறைய ஏற்றிக்கொண்டு எல்லோரும் பார்க்கப் பார்க்கக் கோயிலுக்குப் போனது. கோயிலில் கொழுந்தன் பிரசாதம் வாங்க வரிசையில் நின்றுவிட்டதால் அதுவும் வாசலிலேயே நின்றது. மத்தியானத்துக்குள் விஷயம் ஊருக்குப் புரிந்துவிட்டது.

கம்பெனியிலிருந்து வந்த மெக்கானிக்குகள் பானட்டைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்து பார்த்தார்கள், கொடுத்த காபியைக் குடித்துவிட்டு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் போய்விட்டார்கள். ஏன் இப்படி என்று கேட்பதை ஊரும் சீக்கிரமே நிறுத்திவிட்டது. மழை ஏன் பெய்யவில்லை என்று கேட்டுக்கொண்டேயா இருக்கிறோம், குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடுகிறோம் இல்லையா, அதுபோலத்தான். இரண்டு சக்கர வண்டிக்கும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இந்த வைராக்கியம் வரவில்லை. காருக்கும், காரைப் பார்த்து ஆட்டோவுக்கும் மட்டும்தான் வந்தது.

முதலில் ஏமாற்றிப் பார்த்தார்கள். அரிசி மூட்டையை உட்கார வைத்து பெல்ட் போட்டார்கள், கார் அசையவில்லை. ஜவுளிக்கடைப் பொம்மைக்குப் பட்டுச்சேலை கட்டிக் கொண்டுவந்தார்கள், அதற்கும் அசையவில்லை. பிள்ளையார் சிலையை வைத்தார்கள். எங்கும் நிறைந்தவருக்கு எதற்குத் தனி சீட்டு என்று கார் நினைத்திருக்கும் என்று குருக்கள் விளக்கம் சொன்னார். ஒரு வக்கீல் வீட்டார் ஏறியதுபோக மிச்சமிருந்த முன்சீட்டில் தன் நாயை உட்கார வைத்தபோது கார் நகர்ந்தது, முதல் திருப்பத்தில் நாய் பின்சீட்டுக்குத் தாவியது, கார் நடுரோட்டில் நின்றது, வக்கீல் போய்ச் சேர்வதற்குள் வழக்கு வாய்தாவாகிவிட்டது. ஆள்தான் வேண்டும், பேசுகிற ஆள், சும்மா உட்காருகிற ஆள் என்பது அதன் பிறகு முடிவானது.

சும்மா உட்கார்ந்திருப்பதற்கு இப்படி ஒரு மதிப்பு வரும் என்று எந்த ஜோசியரும் சொல்லியிருக்கவில்லை. தண்டச்சோறு என்று பேர் வாங்கிய வீட்டோடு மாப்பிள்ளைகளுக்குக் காலையில் இட்லியோடு வடையும் வைக்கப்பட்டது. பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளைக்குக் கார் இருக்கிறதா என்று கேட்பதை விட்டு, காரில் உட்கார ஆள் இருக்கிறதா என்று கேட்டார்கள். பாகம் பிரித்ததிலிருந்து முகம் பார்க்காத அண்ணன் தம்பிகள் ஒருத்தன் காரில் ஒருத்தன் போய் உட்கார்ந்தார்கள், முதல் வாரம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, இரண்டாம் வாரம் ரோட்டுக் குழிகளைத் திட்டிக்கொண்டு, மூன்றாம் வாரம் கிணற்று விவகாரத்தைப் பற்றி மறுபடி சண்டை போட்டுக்கொண்டு, ஆனாலும் இறங்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கிழவர்கள் பாடுதான் கொண்டாட்டம். வீட்டுக்குக் காவல் இருந்தே பழகியவர்களைக் கையைப் பிடித்து அழைத்துப்போய் ஊர் முழுக்கச் சுற்றிக் காட்டினார்கள், அவர்களும் போகிற இடத்திலெல்லாம் டீ கேட்டார்கள்.

இதில் ரொம்ப அடி வாங்கியவர் என்றால் அது பன்னீர் நகர் குடியிருப்போர் நலச் சங்கத் தலைவர் தெய்வசிகாமணிதான். மார்க்கெட்டில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருப்பவர், நல்ல மனுஷர், தான் சொல்வதுதான் சரி என்கிற ஒன்றைத் தவிர வேறு கெட்ட பழக்கம் இல்லாதவர். வீட்டில் அவரும் மனைவி பூங்கோதையும் மட்டும்தான், ஒரே மகளை ஓசூரில் கட்டிக் கொடுத்தாகிவிட்டது. கார் மட்டும் ஏழு பேர் உட்காருகிற கார். சம்பந்தி வீட்டுக் காரில் ஐந்து பேர் உட்காரலாம் என்பதைத் தவிர அதை வாங்குவதற்கு அவரிடம் வேறு காரணம் இருக்கவில்லை.

அந்தக் கார் வந்ததிலிருந்துதான் பூங்கோதைக்குக் கஷ்டகாலம் ஆரம்பித்தது. முன்பெல்லாம் அவர்கள் வீட்டு கேட்டுக்கு நேரே முப்பத்தேழாம் நம்பர் பஸ் வந்து நிற்கும். பன்னீர் நகரில் தொடங்கி, மில் கேட், மார்க்கெட், ரயில்வே கேட் என்று ஊரைக் குறுக்கே தைத்துக்கொண்டு கிழக்குக் கோடியில் குளத்துமேட்டில் போய் முடிகிற பஸ் அது. குளத்துமேட்டில் பூங்கோதையின் அக்கா மயிலாத்தாள் இருந்தாள். வெள்ளிக்கிழமை காலையில் சமையலை முடித்து மூடி வைத்துவிட்டுப் பூங்கோதை பஸ் ஏறினால் பொழுது சாயும்வரை அக்காவும் தங்கச்சியும் பேசுவார்கள், ஊர்ப் புரணி அத்தனையும் பேசுவார்கள், பேச ஒன்றும் இல்லாவிட்டால் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டு பேசாமலும் இருப்பார்கள். பெரிய கார் வந்ததும், பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் கேட்டை மறைக்கிறார்கள், காம்பவுண்டில் சாய்கிறார்கள், காரை எடுக்க முடியவில்லை என்று தெய்வசிகாமணி சங்கத்தில் பேசி, பெரிய ஆபீஸ் என்கிற கலெக்டர் ஆபீசில் பேசி, ஸ்டாப்பைத் தூக்கிச் சாக்கடைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் போட வைத்துவிட்டார். அவ்வளவு தூரம் வெயிலில் யார் நடப்பார்கள், நடக்க முடிந்தவர்கள் ஸ்கூட்டர் வாங்கினார்கள், முடியாதவர்கள் வீட்டில் உட்கார்ந்தார்கள், கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாகப் பஸ் குறைந்து குறைந்து ஒருநாள் வராமலே நின்றுபோனது. அதற்கடுத்த மாதம் மயிலாத்தாளுக்குப் பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை, வீட்டுக்கு ஒரு தடவை என்று தெய்வசிகாமணி காரில் கூட்டிப்போனார். பிறகு கிழக்கே போனால் டிராபிக், போனால் வண்டி நிறுத்த இடமில்லை, அதுதான் போன் இருக்கிறதே, பேசிக்கொள் என்று சொல்லிவிட்டார். பூங்கோதைக்கு ஓட்டத் தெரியாது. மூன்று நாள் ரசத்தில் உப்பில்லை, அவர் அதைக் கண்டுகொள்ளவில்லை.

ஆக, கார்கள் நின்றுபோன அந்த ஆடி மாதத்தில் தெய்வசிகாமணிக்குத் தினமும் ஆறு பேர் வேண்டியிருந்தது. இஸ்திரி வண்டிக்காரர், கூர்க்கா, எதிர்வீட்டு டாக்டரம்மாவின் மாமனார், பேப்பர் படிக்க மட்டும் வெளியே வருகிற ஒரு ரிட்டயர்டு தாசில்தார், அவருடைய தம்பி என்று ஐந்து பேரைப் பிடித்துவிட்டார். ஆறாவதாகப் பூங்கோதை பக்கத்து சீட்டில் வந்து உட்கார்ந்தாள். கடைக்குப் போய் அவர் இறங்கியதும் மற்றவர்கள் அங்கேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, சாயங்காலம் அவர் கிளம்பும்போது கூடவே கிளம்பினார்கள். மோட்டார் வாங்க வந்தவர்கள், கடையில் துக்கம் விசாரிக்கிறார்கள்போல என்று நினைத்துத் திரும்பிப் போனார்கள்.

மூன்றாம் நாள் பூங்கோதை, வெள்ளிக்கிழமை குளத்துமேட்டுக்குக் கூட்டிப்போவதாக இருந்தால் தினமும் வந்து உட்காருகிறேன் என்றாள். அவர் டிராபிக் என்றார். அவள் சரிங்க என்று சொல்லிக் கதவைத் திறந்து இறங்கி வீட்டுக்குள் போய்விட்டாள். கார் நின்றுவிட்டது. உள்ளே இருந்த ஐந்து பேரும் தலைவரைப் பார்த்தார்கள், தலைவர் கண்ணாடியைத் துடைத்தார்.

அடுத்த நாளிலிருந்து பூங்கோதை, கிழக்குப் பக்கம் போகிற கார் எதுவாக இருந்தாலும் அதில் போய் உட்கார ஆரம்பித்தாள். டாக்டரம்மா காரில் மார்க்கெட் வரை போனாள், எண்ணெய்க்கடை மருமகள்களோடு ரயில்வே கேட் வரை போனாள். எல்லாரும் அவளைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள், சத்தமில்லாமல் உட்காருவாள், சீரகம் போட்ட முறுக்கு கொண்டுவருவாள், இதைவிட என்ன வேண்டும். ஆனால் ஒரு காரும் குளத்துமேடு வரை போகவில்லை. பாதி வழியில் இறங்கிக்கொண்டு மேற்கே திரும்புகிற காருக்காக நின்று, அதில் ஏறி வீடு வந்து சேரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். ஊரே யாரையாவது உட்காரக் கூப்பிட்டுக்கொண்டிருக்க, அவள் போக வேண்டிய ஓர் இடத்துக்கு மட்டும் அவளால் போக முடியவில்லை.

ஆவணியில் ஒருநாள் தெய்வசிகாமணி பெரிய ஆபீசுக்குக் கட்டாயம் போக வேண்டியிருந்தது. மார்க்கெட்டுக்கு மேலே ஒரு பாலம் கட்டினால் பன்னீர் நகர்க் கார்கள் எங்கேயும் நிற்காமல் பறந்துவிடலாம் என்று சங்கத்தின் சார்பில் கேட்பதற்கான நாள் அது. நகராத கார்களுக்கு எதற்குப் பாலம் என்று அவரிடம் கேட்க யாருக்கும் தைரியம் வரவில்லை. அன்றைக்குப் பார்த்து தாசில்தாருக்கு வயிறு சரியில்லை, கூர்க்காவை எண்ணெய்க்கடைக்காரர் கூட்டிப்போய்விட்டார், பூங்கோதையோ பின்கட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். அவர் காரைச் சுற்றிச் சுற்றி நடந்தார். நடந்ததில் பழைய ஞாபகம் ஒன்று வந்தது. கல்யாணத்துக்கு முன்னால் அவரும் பஸ்ஸில் போனவர்தான். பஸ் வந்து நிற்கும் முன்பே கூட ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டை வீசி சீட்டுப் பிடிப்பதில் அந்தக் காலத்தில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துண்டு விழுந்த சீட்டில் மந்திரியே வந்தாலும் உட்கார முடியாது, எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பஸ்ஸே சேர்ந்து ஒரு பார்வை பார்க்கும். துண்டு போட்டால் ஆள் உட்கார்ந்த மாதிரி. இது நம்முடைய எழுதாத சட்டம், இதைக் கார் மட்டும் மீறிவிடுமா என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

கல்யாணங்களில் வைத்துக் கொடுத்த துண்டுகள் பீரோ நிறையக் கிடந்தன. ஆறு துண்டை எடுத்து ஆறு சீட்டிலும் நீவி விரித்தார். கார் அசையவில்லை. கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் துண்டுகளை வாரிக்கொண்டு இறங்கினார், ஜன்னல்களை இறக்கிவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, நாலடி ஓடிவந்து ஒவ்வொன்றாக வெளியிலிருந்து வீசினார். ஏறி உட்கார்ந்து சாவியைத் திருப்பியதும் கார் வெண்ணெய்போல நகர்ந்தது. ஊரே ஒன்றரை மாதமாகத் திணறியதற்குத் தன் மூளை வழி கண்டுபிடித்துவிட்டதே என்று அவருக்கு நெஞ்சு விம்மியது. கேட்டைத் தாண்டி முன்சக்கரம் ரோட்டைத் தொட்டதும் கார் நின்றது. முன்கதவு தானாகத் திறந்துகொண்டது.

துண்டு போட்டால் அந்த சீட்டுக்கு ஆள் வந்தாக வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. அதை அவர் மறந்துபோனார். எல்லாரையும் ஏற்றாமல் எந்தப் பஸ் ஸ்டாப்பை விட்டுக் கிளம்பியிருக்கிறது, அதுவும் முப்பத்தேழாம் நம்பரின் முதல் ஸ்டாப் அவர் வீட்டு வாசல் அல்லவா. முன்பாதி ரோட்டிலும் பின்பாதி வீட்டிலுமாகத் தன் கேட்டைத் தானே அடைத்துக்கொண்டு தெய்வசிகாமணி உட்கார்ந்திருந்தார். தன் வினை தன்னைச் சுடும் என்று சொன்ன வாய்க்குச் சர்க்கரைதான் போட வேண்டும். ஹாரன் அடித்தார், கதவைச் சாத்தினார், அது மறுபடி திறந்துகொண்டது.

தலையில் பூவும் கையில் பையுமாகப் பூங்கோதை அன்றைய கார் தேடி வெளியே வந்தாள். திறந்த கதவைப் பார்த்தாள், சீட்டில் கிடந்த துண்டைப் பார்த்தாள், கணவரைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது குளத்துமேடு போகுதுங்களா?" என்று, முன்பின் தெரியாத டிரைவரிடம் கேட்பதுபோலக் கேட்டாள்.

அவர் வாயைத் திறப்பதற்குள் ஏறித் துண்டை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காலனியில் பஸ் இல்லாமல் முடங்கிக்கிடந்த இரண்டு பெண்களும், இதென்ன கூத்து என்று பார்க்க வந்த இஸ்திரி வண்டிக்காரரும் துண்டுகளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மிச்சம் இரண்டு துண்டுகளுக்கு மில் கேட்டில் ஆள் கிடைக்கும் என்று கார் நம்பியதுபோல மெல்லக் கிளம்பியது. ஆபீஸ் பக்கம் திருப்ப தெய்வசிகாமணி ஸ்டீயரிங்கை ஒடித்தார், அது சுற்றியது, கார் நேராகத்தான் போனது. முப்பத்தேழாம் நம்பர் போன வழியைத் தவிர வேறு வழி அதற்குத் தெரியவில்லை. மில் கேட்டில் நின்றுகொண்டு கதவைத் திறந்து காத்திருந்தது. பின்னால் லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் வேறு வழியில்லாமல் சங்கத் தலைவர், வெள்ளைச் சட்டையும் தங்கக் கடிகாரமுமாக ரோட்டில் இறங்கி நின்று, மார்க்கெட், ரயில்வே கேட், குளத்துமேடு என்று கூவினார். முதலில் தயங்கித்தான் கூவினார். ஒரு நர்ஸும் கீரைக்கட்டுக்காரரும் ஓடிவந்து ஏறியபோது அவருக்கே ஒரு சந்தோஷம் வந்துவிட்டது, அடுத்த ஸ்டாப்பில் குரல் நன்றாகவே எடுத்தது. இறங்குகிறவர்கள் இறங்க, அந்த சீட்டுக்கு வெளியிலிருந்து ஒரு துண்டு, ஏறுகிறவர்கள் ஏற, இப்படியாகப் பன்னீர் நகர்த் தலைவரின் கார் ஊரைக் குறுக்கே தைத்துக்கொண்டு குளத்துமேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது.

பூங்கோதை இறங்கி விறுவிறுவென்று நடந்தாள். ஆள் இல்லாமல் கார் திரும்பாது, ஆகவே அவரும் பின்னாலேயே நடந்தார். மயிலாத்தாள் ஜன்னலோரக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். தங்கச்சியைப் பார்த்ததும் அவள் வாயிலிருந்து என்னவோ வந்தது, அவருக்கு அது காற்றும் எச்சிலுமாகத்தான் கேட்டது. பூங்கோதை கட்டிலில் உட்கார்ந்து அக்காவின் முகத்துக்கு நேரே தன் முகத்தை வைத்து, உதட்டையே பார்த்து, கேட்டு, விழுந்து விழுந்து சிரித்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. என்ன சொல்கிறாள் என்று கேட்டார். வண்டி ஓட்டிட்டு வந்தவருக்கு ஒரு வாய் டீ குடு என்று சொல்கிறாளாம்.

பிறகு சிரிப்பை நிறுத்தி, அவர் பக்கம் திரும்பாமலே பூங்கோதை சொன்னாள்.

"போன்ல இவ பேசறது எனக்கு ஒண்ணும் வெளங்காதுங்க. வாயைப் பாத்தாத்தான் வெளங்கும். நீங்க போன்ல பேசிக்கன்னு சொல்றப்பெல்லாம் நானும் போனைக் காதுல வச்சுக்கிட்டு, சரிக்கா, சரிக்கான்னு சொல்லிட்டு இருந்தேன். அவ என்ன சொன்னான்னே தெரியாது. அழுதாளா சிரிச்சாளான்னு கூடத் தெரியாது."

தெய்வசிகாமணி டீ டம்ளரைப் பாதியில் வைத்துவிட்டார். வாசலில் போய் நின்றுகொண்டார். அவருக்கு வெட்கமாக இருந்தது, அது வெட்கம்தான் என்று ஒத்துக்கொள்ளவே கொஞ்ச நேரம் பிடித்தது.

துண்டு வித்தை மறுநாளே ஊரெல்லாம் பரவிவிட்டது. நம்மூரில் ஒருத்தர் ரகசியம் கண்டுபிடித்தால் அது அவருக்குத் தெரிவதற்கு முன்பே மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும். துண்டுக்கடைகளில் கூட்டம் தாங்கவில்லை. எல்லாக் கார்களும் துண்டு போட்டுக்கொண்டு பழைய பஸ் வழிகளில் ஒன்றன்பின் ஒன்றாகப் போயின, ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நின்றன, ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு சொந்தக்காரர் இறங்கி ஊர்ப்பேர் சொல்லிக் கூவினார். டாக்டர்கள் கூவினார்கள், வக்கீல்கள் கூவினார்கள், கோர்ட்டில் கேட்காத குரலெல்லாம் மில் கேட்டில் கேட்டது. ஆனால் நாற்பது பேரைக் கொண்டுபோக எட்டுக் கார் வரிசையாக நின்றால் ரோடு என்னத்துக்கு ஆகும். மார்க்கெட்டைத் தாண்டுவதற்குள் ஏறியவர்கள் ஒருவருக்கொருவர் சம்பந்தம் பேசி முடித்துவிட்டார்கள் என்று கூடச் சொன்னார்கள்.

இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும் என்று பன்னீர் நகர் சங்கம் கூடியது. ரிட்டயர்டு இன்ஜினியர் ஆறுச்சாமி எழுந்து, தான் ராப்பகலாக யோசித்ததாகவும், இத்தனை கார்களுக்குப் பதிலாக நீளமான ஒரே கார் செய்தால் என்ன என்றும், அதில் நாற்பது ஐம்பது சீட்டு வைத்து, ஒருத்தர் ஓட்ட, இன்னொருத்தர் ஆள் ஏற்ற, குறித்த நேரத்துக்குக் குறித்த இடத்தில் நின்று போகும்படி செய்யலாம் என்றும் பலகையில் படம் போட்டுக் காட்டினார். கூட்டம் அசந்துவிட்டது. இப்படி ஒன்று வெளிநாட்டில் இருக்கலாம், நம்மூருக்கு வர இன்னும் நாளாகும் என்றார் தாசில்தார். அதற்கு ஒரு நல்ல பேர் வைக்க வேண்டும் என்று இரண்டு பேர் எழுந்தார்கள்.

"அதுக்குப் பேரு பஸ்ஸுங்க" என்றார் டாக்டரம்மா.

 எல்லார் கண்ணும் மெல்ல மெல்லத் தலைவர் நாற்காலிக்குத் திரும்பியது. அந்த நாற்காலியில் இருந்தவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த தன் மனைவியைப் பார்த்தார்.

"ஸ்டாப்பு எங்கூட்டு வாசல்லயே இருக்கட்டுங்க" என்றார்.

பெரிய ஆபீசில் பஸ் விட ஒத்துக்கொண்டார்கள், கார்த்திகை தீபம் வரை ஓடும், அதுவரை ஆள் ஏறாவிட்டால் நிறுத்திவிடுவோம் என்று ஒரு முடிச்சும் போட்டார்கள். சாக்கடைப் பாலத்துக்கு அப்பால் துருப்பிடித்து நின்ற ஸ்டாப் கம்பத்தைத் தெய்வசிகாமணியே ஆள் வைத்துப் பிடுங்கிவந்து தன் கேட்டுக்கு நேரே நட்டார். பூங்கோதை வெள்ளிக்கிழமைகளில் போனாள், சில வாரம் செவ்வாய்க்கிழமையும் போனாள். சங்கத் தலைவரும் அதே பஸ்ஸில் மார்க்கெட்டுக்குப் போனார், முதல் நாள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு, பிறகு பழகிவிட்டது. காரின் மேல் மட்டும் அவருக்குக் கோபம் தீரவில்லை. தன்னை ரோட்டில் இறக்கிக் கூவவிட்ட வண்டி என்று ஆயுத பூஜைக்கு அதற்குப் பொட்டுக்கூட வைக்கவில்லை, ஊரெல்லாம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கியபோது அவர் கார் தூசி படிந்து தார்ப்பாய்க்குள் கிடந்தது.

தீபாவளி முடிந்து ஒரு வெள்ளிக்கிழமை காலையில், மழை விட்டிருந்த நேரம், இத்தனை நாள் ஓட்டாத பேட்டரி செத்துவிடும் என்று தோன்றித் தார்ப்பாயை விலக்கி ஏறிச் சாவியைத் திருப்பினார். கார் நகர்ந்தது. ஆறு சீட்டும் காலி, ஒரு துண்டும் இல்லை, கார் நகர்ந்தது. அவர் பயந்துபோய் பிரேக்கை மிதித்தார், திரும்பிப் பார்த்தார், மறுபடி மெல்ல விட்டார். கேட்டைத் தாண்டியது, ஸ்டாப்பில் நிற்கவில்லை, இடப்பக்கம் திருப்பினால் இடப்பக்கம் போனது. பின்தெருவை ஒரு சுற்றுச் சுற்றினார். ஏசியைப் போட்டுக்கொண்டு, பாட்டைப் போட்டுக்கொண்டு, யாருடைய முழங்கையும் இடிக்காமல், யாருக்கும் டீ வாங்கித்தராமல், ராஜா மாதிரிச் சுற்றினார். ஐயோ, என்ன சுகம் என்று வாய்விட்டே சொன்னார்.

ஸ்டாப்பைத் தாண்டி மறுபடி கேட்டுக்குள் நுழையும்போதுதான் அவருக்குப் பஸ் ஞாபகம் வந்தது. இது தெரிந்தால் எல்லாரும் காருக்குப் போய்விடுவார்கள். பஸ் காலியாக ஓடும். கார்த்திகைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் நிறுத்திவிடுவார்கள். தான் ஒருத்தன் வாயைத் திறந்தால் போதும், தான் ஒருத்தன் காரில் கடைக்குப் போய் இறங்கினால் போதும், அதைப் பார்த்து நாலு பேர், நாலு பேரைப் பார்த்து ஊர். பூங்கோதை மறுபடி போனைக் காதில் வைத்துக்கொண்டு சரிக்கா, சரிக்கா என்பாள். அவர் வண்டியை அணைத்தார். தார்ப்பாயை முன்னைவிட இறுக்கமாகக் கட்டினார். பெரிய ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு குளித்து, சாப்பிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு, ஸ்டாப்புக்கு வந்து நின்றார். ஊரிலேயே தான் ஒருத்தன்தான் இதைத் தாங்குகிறோம் என்ற நினைப்பில் அவருக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பூங்கோதை பையோடு வந்து பக்கத்தில் நின்றாள்.

"காலையில வண்டி எடுத்தீங்களாட்ட இருக்குது" என்றாள்.

பேட்டரிக்காக என்று தொடங்கினார், அதற்கு மேல் பொய் வரவில்லை. குனிந்து மெல்லிய குரலில், வண்டி தனியாக ஓடுகிறது, யாரிடமும் சொல்லிவிடாதே, பஸ் நின்றுபோகும் என்றார்.

அவள் பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஆயுத பூசையன்னிக்கே எல்லார் வண்டியும் ஓடிருச்சுங்க. எலுமிச்சம்பழத்து மேல ஏத்தறப்பவே ஓடிருச்சு. உங்ககிட்ட மட்டும் சொல்ல வேண்டாம்னு பேசி வச்சிருந்தோம்."

தெய்வசிகாமணி நிமிர்ந்து ஸ்டாப்பில் நின்றவர்களைப் பார்த்தார். டாக்டரம்மா வானத்தைப் பார்த்தார். தாசில்தார் மடித்த பேப்பரை விரித்தார். ஆறுச்சாமி தன் செருப்பு வாரைச் சரிசெய்யக் குனிந்தவர் நிமிரவேயில்லை. எண்ணெய்க்கடை மருமகள்கள் இருவரும் ஒருத்தி தோளில் ஒருத்தி முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினார்கள். இவர்கள் வீட்டில் எல்லாம் ஓடுகிற கார் நிற்கிறது, இவர்கள் எல்லாம் தெரிந்தேதான் இத்தனை நாளாக இங்கே வந்து நிற்கிறார்கள். தான் காலையிலிருந்து சுமந்தது ரகசியமே இல்லை. ஏன் என்று கேட்டார், கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரிந்திருந்தது.

"ஸ்டாப்பைத் தூக்கினவரு நீங்கதானுங்களே" என்றாள் பூங்கோதை. கோபமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். பிறகு, "இன்னைக்கு நீங்க வந்து நிக்கறதைப் பாத்த பொறகுதான் எனக்குச் சொல்லலாம்னு தோணுச்சு" என்றாள்.

அவருக்கு அவமானமாக இருந்தது, அதற்குள்ளேயே எங்கேயோ கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. பஸ் வந்தது. கும்பல் ஏறியது, அவரும் ஏறினார், நின்றுகொண்டே போனார். மார்க்கெட்டில் இறங்கி, கடைப் பக்கம் திரும்பாமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்துக்கொண்டு நின்றார். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க வாயெடுத்தார். இத்தனை வருஷமாக எங்கே போவதாக இருந்தாலும் அவருடைய நேரத்தைக் கேட்டுத்தான் அவள் போயிருக்கிறாள், அவருடைய நேரத்துக்குத்தான் திரும்பியும் இருக்கிறாள். வாயை மூடிக்கொண்டார்.

கண்டக்டர் விசில் ஊதியதும் பூங்கோதை ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ராத்திரி நான் வரலீங்க. அக்கா கூடவே படுத்துக்கறேன். மாவு இருக்குது, நீங்களே தோசை ஊத்திக்குங்க."

பஸ் முழுக்கக் கேட்டது, மார்க்கெட்டில் பாதிக்கும் கேட்டது. அவர் தலையை ஆட்டினார். பஸ் கிழக்கே போய்விட்டது.

அன்று ராத்திரி தெய்வசிகாமணி ஊற்றிய முதல் தோசை கல்லை விட்டு எழவே இல்லை. சுரண்டிப் போட்டுவிட்டு, கல்லில் தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டு, இன்னொன்று ஊற்றினார். அது எழுந்தது.